ஷாப்லி வெள்ளை ஒயினைச் சுவைத்துப் பழகுவது எப்படி

முதன்முறை ஷாப்லி பாட்டிலைத் திறப்பவர்களில் பலர் ஏமாந்து போகிறார்கள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் பூவாசமும் பழவாசமும் குப்பென்று வரும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி எதுவும் வருவதில்லை. ஒரு வாய் குடித்தால் புளிப்பு சுருக்கென்று ஏறுகிறது. இதற்கா இவ்வளவு விலை என்று கோப்பையை வைத்துவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் ஒயினில் இருப்பதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருப்பார்கள். அல்லது சுவையைத் தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடியிருப்பார்கள்.

ஷாப்லி வாசனைக்குப் பெயர்போன ஒயின் அல்ல. புளிப்பு எப்படி எழுகிறது, வாயில் எந்தப் பக்கம் நகர்கிறது, விழுங்கிய பிறகு எதை விட்டுச் செல்கிறது என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் ஒரே மாலையில், ஒரே பாட்டிலில், பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது, ஏன் இப்படி இருக்கிறது

பிரான்ஸின் பர்கண்டி பகுதியின் வடகோடியில், யோன் மாவட்டத்தில், செரேன் என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது ஷாப்லி ஊர். பர்கண்டி என்று பெயரே தவிர, அந்தப் பகுதியின் ஒயின் தலைநகரான போன் நகரம் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஷாம்பெய்ன் பகுதியின் தென்முனைதான் பக்கம். குளிர் அதிகம், திராட்சை மெதுவாகப் பழுக்கும், சர்க்கரை ஏறினாலும் புளிப்பு முழுதாக இறங்காது. இந்த ஒயினின் முதுகெலும்பே அந்த இறங்காத புளிப்புதான்.

திராட்சை ஒன்றே ஒன்று: ஷார்தொனே. இதே திராட்சையைத் தெற்கே மெர்சோ ஊரில் புது ஓக் பீப்பாயில் நொதிக்க வைத்தால் வெண்ணெயும் வறுத்த பருப்பும் மணக்கும் கனமான ஒயின் கிடைக்கிறது. ஷாப்லியில் பெரும்பாலானவர்கள் எவர்சில்வர் தொட்டியில்தான் நொதிக்க வைக்கிறார்கள். மரத்தின் மணம் எதுவும் ஏறாமல், பழமும் புளிப்பும் மறைப்பில்லாமல் நிற்கின்றன. அந்த ஊருக்கே உரிய ‘ஃபுய்யெத்’ என்ற 132 லிட்டர் சிறு பீப்பாயையும் சிலர் வைத்திருக்கிறார்கள். அவர்களிலும் பலர் பழைய பீப்பாயையே விரும்புவார்கள், மரவாசனை ஒட்டக் கூடாது என்பதற்காக.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. நொதித்தல் முடிந்ததும் பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. மாலிக் என்பது பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான புளிப்பு. லாக்டிக் என்பது தயிரில் இருக்கும் மென்மையான புளிப்பு. ஷாப்லியில் பெரும்பாலான ஒயின் இந்த மாற்றத்தை முடித்துவிட்டுத்தான் பாட்டிலுக்குள் போகிறது. அதனால்தான் புளிப்பு தெளிவாக இருந்தும் பல் கூசுவதில்லை.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல தோட்டங்கள் கிம்மெரிட்ஜியன் எனப்படும் சுண்ணாம்புக் களிமண்ணில் இருக்கின்றன. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. கையில் ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தால், காற்புள்ளி போல வளைந்த, விரல் நகத்தளவே உள்ள சிப்பிகள் அதில் பதிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அந்தச் சிப்பியின் பெயர் எக்ஸோகைரா விர்குலா. சிப்பி கரைந்து ஒயினுக்குள் வந்து சுவை தருகிறது என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு; அதை நம்ப வேண்டாம். வேர் பாறையின் சுவையை உறிஞ்சிப் பழத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. மண் செய்யும் வேலை வேறு: மழைநீரை வடியவும் விடுகிறது, தேவையான ஈரத்தைப் பிடித்தும் வைக்கிறது. கொடி அளவோடு வளர்கிறது, பழம் நிதானமாகப் பழுக்கிறது.

எந்தப் பாட்டிலை வாங்குவது

லேபிளில் நான்கு பெயர்களில் ஒன்று இருக்கும், தரவரிசையில் கீழிருந்து மேலாக. பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ஷாப்லி ப்ரெமியே க்ரூ, ஷாப்லி க்ரான் க்ரூ. பெத்தி என்றால் சிறிய என்று பொருள். பெரும்பாலும் மேட்டு நிலத்தின் சற்றே இளைய, கடினமான சுண்ணாம்புப் பாறையில் விளைவது. எலுமிச்சைத் தன்மை நேராக அடிக்கும், ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். அடைமொழி எதுவும் இல்லாத வெறும் ஷாப்லிதான் உற்பத்தியில் பெரும்பகுதி. ப்ரெமியே க்ரூ பட்டியலில் 40 தோட்டப் பெயர்கள் இருந்தாலும் கடைகளில் கண்ணில் படுவது கொஞ்சம்தான். ஆற்றின் இடக்கரையில் மோன்மேன், வாய்யோன். வலக்கரையில் ஃபூர்ஷோம், மோன்தே த தொன்னேர். பொதுவாக இடக்கரை ஒயின் மெலிந்து நேராக இருக்கும், வலக்கரையில் கொஞ்சம் சதைப்பற்று கூடும். க்ரான் க்ரூ என்பது ஊரைப் பார்த்தபடி வெயிலை வாங்கி நிற்கும் ஒரே குன்று. சுமார் 100 ஹெக்டேர், ஏழு பகுதிகள்: ப்ளான்ஷோ, பூக்ரோ, லே க்ளோ, க்ரெனூய், ப்ரூஸ், வால்மூர், வோதெசீர்.

புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை வெறும் ஷாப்லிதான், அதுவும் அறுவடையாகி இரண்டு முதல் நான்கு வருடம் ஆனது. க்ரான் க்ரூவில் தொடங்க வேண்டாம். இளம் வயதில் அது வாயை மூடிக்கொண்டிருக்கும். எட்டு, பத்து வருடம் காத்திருக்க வேண்டிய ஒயினை அவசரமாகத் திறந்தால் பணமும் போகும், பாடமும் கிடைக்காது.

லேபிளில் உள்ள அறுவடை ஆண்டைக் கவனியுங்கள். 2018, 2020, 2022 வெப்பமான ஆண்டுகள். பழச்சுவை கூடி, புளிப்பு சற்றுத் தணிந்திருக்கும். 2021 ஏப்ரலில் கடும் உறைபனி விழுந்து விளைச்சல் சுருங்கியது, கோடையும் குளிர்ந்தே இருந்தது. அந்த ஆண்டு ஒயின் மெலிந்து, புளிப்பு தூக்கலாக நிற்கும். ஷாப்லியின் பழைய முகத்தைப் பார்க்க வேண்டுமானால் 2021 நல்ல ஆசிரியர்.

உறைபனி அங்கே தீராத தலைவலி. துளிர் விடும் நேரத்தில் பனி விழுந்தால் அந்த வருடப் பழமே போய்விடும். அதனால் சில தோட்டங்களில் இரவு முழுக்கக் கொடிகள் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெளிப்படும் வெப்பம் துளிரை 0 டிகிரிக்கு அருகிலேயே வைத்திருக்கிறது, பனிக்கட்டி உறைக்குள் துளிர் தப்பிக்கிறது. நடுவில் தெளிப்பு நின்றால் சேதம் இன்னும் மோசமாகும். வெயில் வந்து பனி உருகும் வரை நிறுத்த முடியாது. மற்ற தோட்டங்களில் வரிசைக்கு நடுவே பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றி வைக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். விலையில் இதுவும் சேர்ந்துதான் வருகிறது.

கடையில் பாட்டிலைக் கையில் எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். தக்கை வெளியே தள்ளிக்கொண்டு உறையை உப்ப வைத்திருந்தால் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. ஒயின் மட்டம் கழுத்தை விட்டு இறங்கியிருந்தால் கசிந்திருக்கிறது. ஜன்னலோர வெளிச்சத்திலோ, அலமாரி விளக்குக்கு நேர் கீழேயோ மாதக்கணக்கில் நின்ற பாட்டிலையும் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சம் வெள்ளை ஒயினைக் கெடுத்துவிடும். வெந்த முட்டைக்கோஸ் போல ஒரு வாடை வரும். சூடான ஊரில் வசிப்பவர்கள் வாங்கி வைத்து முதிர்ச்சி அடையட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஆண்டு முழுக்க 12, 13 டிகிரியில் நிற்கும் இருட்டான இடம் இல்லையென்றால், சில வாரங்களுக்குள் குடிப்பதை மட்டும் வாங்குங்கள்.

குளிர வைப்பது

பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். பெத்தி ஷாப்லிக்கு 8 முதல் 9 டிகிரி, ஷாப்லிக்கு 10 முதல் 11, ப்ரெமியே க்ரூவுக்கு 11 முதல் 12, க்ரான் க்ரூவுக்கு 12 முதல் 14. வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடுகிறது. அந்தக் குளிரில் வாசனை மேலே எழாது, நாக்கும் மரத்துப்போகும், மிஞ்சுவது புளிப்பும் லேசான கசப்பும் மட்டும்.

ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்து, ஊற்றுவதற்கு 15 அல்லது 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள். அறை 30 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஊரில் 10 நிமிடமே போதும். அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பி பாட்டிலைக் கழுத்து வரை இறக்குங்கள். 20 முதல் 25 நிமிடத்தில் சரியாகிவிடும். வெறும் ஐஸ் கட்டி வேலைக்கு ஆகாது. கட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நின்றுவிடும், தண்ணீர் இருந்தால்தான் குளிர் முழுதாகத் தொடும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து தக்கையைத் தள்ளிவிடும். கோப்பையில் ஐஸ் போடுவது கூடவே கூடாது, இரண்டு நிமிடத்தில் புளிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

கோப்பை

அடி அகன்று வாய் குறுகிய கோப்பை, 300 முதல் 350 மில்லி கொள்ளளவு. அதில் 60 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி இடம் வாசனை தங்குவதற்கு. கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும், கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தினால் ஒயின் சூடாகிவிடும்.

ஊற்றுவதற்கு முன் காலிக் கோப்பையை மோந்து பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தின் எலுமிச்சை வாசனையோ, அலமாரியின் மரவாசனையோ, துணியின் ஈரவாடையோ இருந்தால் வெந்நீரில் அலசி, கவிழ்த்து உலர விடுங்கள். ஷாப்லியின் வாசனை மெல்லியது. கோப்பையில் கொஞ்சம் சோப்பு வாசனை தங்கியிருந்தாலும் அதை மூடிவிடும். அன்று மல்லிகை, அத்தர், ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம். அடுப்பில் தாளிப்பு நடக்கும் நேரமும் ஆகாது.

முதலில் புளிப்பைப் பழகுங்கள்

ஒயினைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்று. 200 மில்லி தண்ணீரில் 25 மில்லி எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளுங்கள். உப்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். அந்தத் தண்ணீரின் புளிப்பளவு லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் அமிலம். ஷாப்லியும் ஏறத்தாழ அதே அளவில்தான் நிற்கிறது. ஒரு வாய் எடுத்து, ஐந்து எண்ணி, துப்பிவிட்டு தலையைக் கொஞ்சம் குனியுங்கள். தாடைக்குக் கீழே, நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறி வரும். எவ்வளவு ஊறுகிறது, எத்தனை நொடி நிற்கிறது என்று கவனியுங்கள். அதுதான் அளவுகோல்.

பிறகு அதில் பாதியை எடுத்து இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துக் குடித்துப் பாருங்கள். சுவை இனிப்பாக மாறிவிட்டாலும் எச்சில் ஊறுவது குறையாது. புளிப்பை நாக்கு ஏமாந்து மறந்தாலும் எச்சில் மறக்காது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் எந்த ஒயினின் புளிப்பையும் அளந்துவிடுவார்கள். வெறுந்தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஒரு துண்டு ரொட்டி தின்றுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

பார்ப்பது, மோப்பது, குடிப்பது

வெள்ளைத் தாள் மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். இளம் ஷாப்லி வெளிர் எலுமிச்சை நிறம், ஓரத்தில் சற்றுப் பச்சை ஓடும். ஐந்தாறு வருடம் ஆனால் பொன்னிறம் தட்டும். மூன்று வயது ஷாப்லி பழுப்பேறித் தெரிந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. பார்ப்பதில் இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை.

மூக்குக்கு இரண்டு முறை வேலை. முதலில் சுழற்றாமல், சின்ன மூச்சாக மோந்துவிட்டு வைத்துவிடுங்கள். அடுத்து மூன்று சுற்று சுழற்றி மறுபடி மோந்து பாருங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், பம்பளிமாஸின் வெள்ளைச் சதை, வெப்ப ஆண்டு என்றால் பேரிக்காயும் வெள்ளை பீச்சும். இவை பழம். இவற்றுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கும். சொல்வது கடினம், ஆனால் தமிழர் மூக்குக்கு அந்நியமானது அல்ல. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் தண்ணீர் தெளித்தால் எழும் வாசனை. மாவரைத்து முடித்துக் கழுவிவிட்ட ஆட்டுக்கல்லின் ஈரம். ஒயின் பேசுகிறவர்கள் ‘தாதுத்தன்மை’ என்று சொல்வது இதைத்தான். அந்தச் சொல்லுக்கு அறிவியலில் கறாரான வரையறை இல்லை. உயர்ந்த புளிப்பு, மட்டான பழவாசனை, நொதித்தலில் உண்டாகும் சில கந்தகச் சேர்மங்கள் எல்லாம் சேர்ந்து தரும் உணர்வு என்றுதான் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். காரணம் எதுவானாலும் உணர்வு உண்மையானது. அதை உங்களுக்குத் தெரிந்த வாசனையின் பெயரால் எழுதிவையுங்கள். பிரெஞ்சுக்காரர் எழுதிய ‘காட்டுக் காளான்’, ‘அகேசியா பூ’ எல்லாம் அவர்கள் சின்ன வயதில் மோந்தவை.

இனி குடிப்பது. ஒரு மேசைக்கரண்டி அளவு, 15 மில்லி, அவ்வளவுதான். உடனே விழுங்கக் கூடாது. நாக்கைத் தூக்கி ஒயினை இரு பக்கமும் ஓட விட்டு, உதட்டைக் குவித்து லேசாகக் காற்றை உள்ளே இழுங்கள். மூன்று கட்டமாக நடக்கும்.

1. முதல் இரண்டு நொடி: புளிப்பு முன்னாலேயே வந்துவிடும். அது வட்டமாகப் பரவுகிறதா, கோடு போட்டது போல நேராகப் பின்னால் போகிறதா என்று பாருங்கள். நல்ல ஷாப்லி நேராகப் போகும்.

2. நடுவில்: வாய் காலியாகத் தோன்றுகிறதா, ஏதாவது நிரம்பி நிற்கிறதா? ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் இருந்த ஒயினில் மெல்லிய வழவழப்பு இருக்கும். சாராயச் சூடு தொண்டையில் தெரியக் கூடாது. அளவு 12 முதல் 13 சதவீதம்தான். இனிப்பு இருக்காது. பழச்சுவையை இனிப்பென்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

3. விழுங்கிய பிறகு: இந்த ஒயினின் உண்மையான இடம் இது. மூக்கு வழியாக மூச்சை விட்டுவிட்டு நொடிகளை எண்ணுங்கள். பழம் முதலில் மறையும். பிறகு நாக்கின் ஓரத்தில் உப்பங்காற்று பட்டது போல ஒரு சிறு கரிப்பு நிற்கும். பெத்தி ஷாப்லியில் ஐந்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும். நல்ல ஷாப்லியில் எட்டுப் பத்து நொடி. மோன்தே த தொன்னேரின் நல்ல பாட்டிலில் பதினைந்து தாண்டியும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

கோப்பையில் மீதமுள்ளதை அப்படியே 15 நிமிடம் விட்டு மறுபடி சுவையுங்கள். இரண்டு மூன்று டிகிரி ஏறியிருக்கும். முதலில் தெரியாத பேரிக்காயோ தேனோ இப்போது எட்டிப் பார்க்கும். எந்தச் சூட்டில் ஒயின் அழகாகப் பேசியது என்று குறித்துக்கொண்டால், அடுத்த பாட்டிலுக்கு வழி தெரிந்துவிடும்.

கெட்டுப்போனது எது, கெடாதது எது

நனைந்த அட்டைப்பெட்டி அல்லது ஈரச் செய்தித்தாள் வாடை வந்து பழம் முழுக்கச் செத்துக் கிடந்தால் அது தக்கை நோய். டிசிஏ என்ற சேர்மம் காரணம். நேரம் ஆக ஆக வாடை கூடும், தீர்வு கிடையாது. கடையில் திருப்பிக் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை. உரசிய தீக்குச்சி வாசனை வேறு: காற்றுப் படாமல் அடைபட்டிருந்த ஒயின். நன்றாகச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும்; லேசாக இருந்தால் ஷாப்லிக்கு அது அழகு என்றே சொல்பவர்கள் உண்டு. நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை என்றால் காற்று புகுந்து கெட்டது.

தக்கை அடியிலோ பாட்டில் அடியிலோ கற்கண்டுத் தூள் போலப் பளபளப்பது கண்ணாடித் துண்டு அல்ல. டார்டாரிக் அமிலம் குளிரில் உப்பாகப் படிந்தது. தீங்கில்லை. கடைசிக் கோப்பையை மெதுவாக ஊற்றினால் போதும்.

பக்கத்தில் ஒன்றை வைத்துப் பாருங்கள்

தனியாகக் குடித்துக் கற்பதை விட ஒப்பிட்டுக் கற்பது வேகமானது. ஒரு ஷாப்லி, ஒரு சான்சேர். இரண்டும் பிரான்ஸ், இரண்டும் சுருக்கென்ற வெள்ளை ஒயின், ஆனால் சான்சேர் ஸோவிஞ்ஞோன் ப்ளான் திராட்சை. அதே சூட்டில், அதே கோப்பையில் ஊற்றி மோந்தால் சான்சேர் மூக்கிலேயே தன்னைச் சொல்லிவிடும்: புல், நெல்லி வகைக் காய், இலைப் பச்சை. ஷாப்லி அமைதியாக இருக்கும். வாய்க்குள் போனதும் நிலைமை மாறும். இந்த ஒரு ஒப்பீடு பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம். முடிந்தால் நண்பர் ஒருவரை ஊற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் சுவையுங்கள்.

எதோடு சாப்பிடுவது

பச்சைச் சிப்பி, அவித்த இறால், வெண்ணெயில் வாட்டிய மீன். ஷாப்லி ஊர்க்காரர்கள் சீஸ் சேர்த்துச் சுட்ட குஜேர் என்ற உப்பலான பலகாரத்தோடும், பக்கத்து ஷவூர்ஸ் சீஸோடும் குடிக்கிறார்கள். எண்ணெயில் பொரித்தது, உப்பானது, கொழுப்பானது எல்லாம் பொருந்தும். எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிற எதுவும் பொருந்தும். மசாலா மட்டாகப் போட்ட மீன் வறுவல் நன்றாக ஒத்துப்போகும். மிளகாய்க் காரம் ஏறிய குழம்புக்கு வேண்டாம். காரத்தோடு சேரும்போது புளிப்பும் சாராயமும் நாக்கில் எரியும், ஒயினின் மெல்லிய பகுதி முழுக்கக் காணாமல் போகும். புளிக்குழம்பும் அப்படித்தான், உணவின் புளிப்பு ஒயினை விடக் கூடினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

மிச்சமிருப்பதை என்ன செய்வது

750 மில்லி பாட்டிலை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. தக்கையை இறுக்கிச் செருகி நிற்கவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்னப் பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றிவிடுவது நல்லது, உள்ளே காற்று குறையும். இரண்டாம் நாள் அவசியம் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்த ஷாப்லி பல சமயம் அன்றுதான் விரிந்து கொடுக்கிறது. நான்காம் நாள் ஆப்பிள் கறுத்த வாசனை வந்தால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: சின்ன வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, 150 மில்லி ஒயினை ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, இரண்டு கரண்டி க்ரீம் சேர்த்தால் அவித்த மீனுக்கு நல்ல சாஸ்.